கோடை முடிவின் குறிப்புகளை எங்கே எழுதி வைப்பது: நோட்டிலா, கைப்பேசியிலா, வலைப்பதிவிலா?

கத்திரி வெயில் மே 4ஆம் தேதி தொடங்கி 28ஆம் தேதி முடிகிறது என்று நாள்காட்டி சொல்லும். வேலூர் மாவட்டத்து வெயில் அந்தக் கணக்கை அவ்வளவாக மதிப்பதில்லை. ஜூன் பாதி வரைக்கும் பகல் முழுவதும் மரத்தில் ஓர் இலை அசையாது. மாலை நான்கு மணிக்குமேல் மேற்கே மலைப்பக்கம் கறுத்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று வந்து, சில நாள் மழையாகவும் பல நாள் வெறும் இடியாகவும் முடியும். கல்லூரி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கும் இந்த நேரத்தில்தான், மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுவந்த ஒரு முடிவை எடுக்க உட்கார்ந்திருக்கிறேன். அன்றாடம் நான் எழுதும் சொந்தக் குறிப்புகளை இனி எதில் எழுதுவது என்பதே அது.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு முடித்தவள். வீடு ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது. விடுமுறையில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று, மாலையில் கிணற்றில் கயிற்றை விட்டு நீர்மட்டம் பார்ப்பது. கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். ஒரு முழம் என்பது ஏறத்தாழ ஒன்றரை அடி. இந்த ஆண்டு கத்திரி தொடங்கிய அன்று தண்ணீர் 19 முழத்தில் இருந்தது. முடிந்த அன்று இருபத்திரண்டரை முழம். இருபத்தைந்து நாளில் ஐந்தடிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஆனால் எந்த ஒரு நாளிலும் தண்ணீர் இறங்கியதை நான் பார்க்கவில்லை. நாளுக்கு மூன்று விரற்கடை அளவுக்குக் குறைவது கண்ணுக்கும் தெரியாது, முடிச்சுக்கும் தெரியாது. கோடையின் கடைசி நாள்களில் நடப்பவை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. மாமரத்தில் பங்கனபள்ளி தீர்ந்து நீலம் பழுக்கத் தொடங்குவதும், ஆயா திண்ணையில் படுப்பதை விட்டு உள்ளே படுக்கப் போவதும், நடந்து முடிந்த பிறகே நமக்குத் தெரியவருகின்றன. ஆகவே, எழுதி வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு முதன்மையான அளவுகோல் ஒன்றுதான்: இன்று அற்பமாகத் தெரியும் ஒன்றை, பின்னால் பொருள் விளங்கும் வரைக்கும், அது கெடாமலும் மாறாமலும் வைத்திருக்குமா?

எழுதி வைக்கத்தான் வேண்டுமா, நினைவு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் இன்றைக்கும் வேலூரைப் பற்றிப் பேச்சு வந்தால், தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981லேயே லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டு வழிபாடு நடந்துவருகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதை அதே பெரியவர்கள் பாலத்தில் நின்று பார்த்தும் இருக்கிறார்கள். ஆனாலும் பேச்சு மாறவில்லை. தேதியில்லாத நினைவு ஒருமுறை எப்படிப் பதிந்ததோ அப்படியே இருந்துவிடுகிறது. இதற்குமேல் இந்தக் கேள்விக்கு நான் நேரம் செலவிடவில்லை.

முதலில் நோட்டு. பொங்கலுக்கு ஜவுளிக்கடையிலோ உரக்கடையிலோ கொடுக்கும் டைரியை நான் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டேன். அது ஜனவரியில் தொடங்குகிறது. மாணவரின் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. தவிர, தேதி அச்சடித்த பக்கம் ஒன்று காலியாக இருந்தால் அது நம்மைக் குற்றம் சாட்டுகிறது. நிறைய எழுத இருக்கும் நாளிலோ பக்கம் போதாமல் அடுத்த நாளின் இடத்தைத் திருட வேண்டியிருக்கிறது. எனவே நோட்டு என்று நான் சொல்வது 60 ரூபாய்க்குக் கிடைக்கும் 192 பக்க நீள நோட்டை. மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் எழுதலாம் என்பதை, இடி இடித்தவுடன் மின்சாரம் போய்விடும் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றைச் சென்ற ஆண்டு நோட்டைப் புரட்டும்போதுதான் கண்டுகொண்டேன். கத்திரி நாள்களில் எழுதிய பக்கங்களில் எழுத்து பெரிதாகி, வரி வலப்பக்கம் சரிந்து, உள்ளங்கை பட்ட இடமெல்லாம் வேர்வையில் மை கலங்கி நீலத் திட்டாக இருக்கிறது. அன்றைக்கு வெயில் சதமடித்தது என்று நான் எழுதவில்லை, தாளே சொல்கிறது. (ஜெல் பேனாவில் எழுதியதால் வந்த வினை இது. அந்த மை நீரில் கரைத்தது. பால்பாயின்ட் மை எண்ணெயில் கரைத்தது என்பதால் வேர்வைக்கு இவ்வளவு கலங்குவதில்லை.)

நோட்டின் குறைகளும் சிறியவை அல்ல. வேண்டியதைத் தேடி எடுக்க முடியாது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளம் நடந்தது எந்தத் தேதியில் என்று பார்க்க, சென்ற ஆண்டுச் சித்திரையையும் வைகாசியையும் முழுக்கப் படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் பூட்டுள்ள பெட்டி ஒன்றுதான் இருக்கிறது, அதில் பத்திரங்கள் இருக்கின்றன. என் நோட்டைத் தம்பி படித்துவிட்டான் என்பது, அவன் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லிச் சிரித்தபோதுதான் தெரிந்தது. மண்சுவர் அலமாரியில் கரையான் ஒரு மழைக்காலத்தில் ஒரு நோட்டைத் தின்று முடித்துவிடும். பிரதியும் கிடையாது.

இரண்டாவது கைப்பேசி. வசதியில் இதற்கு ஈடே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேருந்தில் நின்றுகொண்டே ஒரு கையால் எழுதலாம், தேதியும் நேரமும் தாமாகவே விழும், ஒரு சொல்லைத் தட்டினால் மூன்று ஆண்டுக் குறிப்பும் வந்து நிற்கும், மேற்கே கறுத்த வானத்தைச் சொல்ல வரி தேடாமல் படமாகவே எடுத்துவிடலாம். குரலைக் கேட்டு எழுதும் வசதியையும் முயன்று பார்த்தேன். கிணற்றடியில் நின்று “இருபத்தோரு முழம்” என்று நான் சொல்ல, அது “இருபத்தோரு மூலம்” என்று எழுதியது. இப்படி ஒரு வாரம் எங்கள் கிணறு பல மூலங்களில் கிடந்தது.

ஆனால் சென்ற மே மாதம் அந்தக் கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, 23 நாள் குறிப்பும் அதோடு போயிற்று. பேக்கப் வைத்திருந்தால் பிழைத்திருக்கும், குற்றம் என்னுடையதுதான். ஆனாலும் என் மனக்குறை வேறு. எழுதத் திறந்த கருவியிலேயே நண்பர்களின் ஸ்டேட்டஸ் இருக்கிறது, ரீல்ஸ் இருக்கிறது, ரிசல்ட் எப்போது என்ற கல்லூரிக் குழுவின் ஓயாத கேள்வி இருக்கிறது. ஸ்டேட்டஸில் போடுவதையே நாட்குறிப்பாகக் கருதும் தோழிகள் எனக்கு உண்டு. அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்க நினைக்கும் எனக்கு அது உதவாது. குறிப்புச் செயலியில் நான் எழுதியவற்றையும் பார்த்தேன். பெரும்பாலானவை எட்டுச் சொல்லைத் தாண்டவில்லை. கட்டைவிரலால் தட்டுபவருக்கு ஒரு வாக்கியம் முடியும் முன்பே அலுப்பு வந்துவிடுகிறது போலும்.

மூன்றாவதாக வலைப்பதிவு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். நான் பிறப்பதற்கு முன்பே அதன் கதை தொடங்கிவிட்டது. பிளாகர் 1999இல் வந்தது, 2003இல் அதை கூகுள் வாங்கியது, அதே ஆண்டில் வேர்ட்பிரஸ் வந்தது, தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004இல் வந்தது. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டில் இருந்தவர்களும் சென்னையில் கணினியோடு இருந்தவர்களும் தங்கள் ஊர்க் கோடையைப் பற்றி எழுதியவற்றை இன்றைக்கும் தேடிப் படிக்க முடிகிறது. இருபது ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிய கூழ்வடகத்தைப் பற்றி, அவரை அறியாத நான், ஒடுகத்தூரில் இருந்துகொண்டு படிக்கிறேன் என்பதை நோட்டும் கைப்பேசியும் செய்ய முடியாது. செலவும் இல்லை. சொந்த முகவரி வேண்டுமென்றால் மட்டுமே ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்ட மறந்தால் முகவரி கைவிட்டுப் போகும்.

அதன் நிரந்தரத்தை மட்டும் அப்படியே நம்புவதற்கில்லை. ஆர்க்குட் 2014இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. அவற்றில் எழுதியவர்கள் எடுத்து வைத்துக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு ஆண்டு யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியையும் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. கரையானுக்குப் பயந்து இங்கே வருபவர், இரண்டு ஆண்டு திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அங்கும் அது காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியதை மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இருப்பது ஓர் ஆறுதல்.

எனக்கு நேர்ந்த இடையூறு வேறு வகையானது. சென்ற ஆண்டு ஜூனில், எங்கள் கிணற்றில் பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் தண்ணீர் முறை எப்படிப் பிரிகிறது என்பதை, வறட்சியைப் பற்றிய பதிவொன்றில் நாலு வரி எழுதியிருந்தேன். பகையாக எதுவும் எழுதவில்லை. பெங்களூரில் இருக்கும் உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டுப் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் பெரியம்மா வாசலில் நின்று, “இன்னாடி, நம்மூட்டுக் கெணத்துப் பங்கையெல்லாம் ஊரு பாக்க எழுதி வெச்சிக்கீறியாமே?” என்று கேட்டார். பதிவை நீக்கிவிட்டேன், ஆனால் அதற்குள் அது படம் பிடிக்கப்பட்டுக் குடும்பக் குழுவுக்குள் வந்திருந்தது. ஒரு மாதம் வரைக்கும் எங்கள் முறையில் மோட்டார் போட நான்தான் போக வேண்டியிருந்தது, அம்மா போக மறுத்துவிட்டார்.

இந்த மூன்றையும் வாதத்தால் எடைபோட்டுக்கொண்டே இருந்தால் முடிவு வராது என்று தோன்றியதால், ஒரே மாலையை மூன்றிலும் எழுதிப் பார்த்தேன். வைகாசி மூன்றாம் வாரத்தில் முதல் கோடை மழை பெய்த மாலை அது. நோட்டில் இருப்பது: “மணி 5.40. மேற்கே கறுத்தது. ஆயா முறத்தோடு ஓடி வற்றலை வாரினாள், பாதி நனைந்துவிட்டது. கால் மணி நேரம் பெய்தது. எருக்குழி நாற்றம் வீட்டுக்குள் வந்தது. கயிறு இருபத்திரண்டரை முழம், மாற்றமில்லை. கரண்ட் 8.10க்கு வந்தது.” கைப்பேசியில் இருப்பது: “செம காத்து. மழை. வத்தல் போச்சு.” அதோடு மூன்று படங்கள், இரண்டில் என் விரல் மறைக்கிறது. வலைப்பதிவுக்கு எழுதியது ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டது. அதில் “மண்வாசனை மனத்தை நிறைத்தது” என்று ஒரு வாக்கியம் இருந்தது. மண்வாசனை எனக்கு அன்றைக்கு வரவே இல்லை, எருக்குழிதான் நாறியது. படிக்கப்போகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்ததுமே, முதல் மழைக்கு எந்த வாசனை வர வேண்டுமோ அதைக் கை தானாக எழுதிவிட்டது. இரண்டு முறை படித்தும் அது பொய் என்று எனக்குப் படவில்லை. நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

அதற்காக வலைப்பதிவைத் தள்ளிவிடவும் முடியவில்லை. முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது, மழை ஏன் எங்களுக்கு மேற்கிலிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கப் போனபோது எனக்கே தெரியாது என்று தெரிந்தது. ஆயாவைக் கேட்டேன். மலை கறுத்தால் வரும், கிழக்கே கறுத்தால் ஐப்பசிக்குத்தான் வரும் என்றாள். பிறகு படித்துப் பார்த்தேன். பகல் வெப்பத்தில் ஈரக்காற்று மலைப்பக்கம் மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் உயரே மேற்கிலிருந்து வீசும் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வருவதால், மாலையில் சமவெளியில் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கும் கடலோர மாவட்டங்களைப் போலன்றி, எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணியிலும் கணிசமான மழை பெய்வதற்கும் மானாவாரி நிலக்கடலை விளைவதற்கும் இந்த மாலை இடிமழை ஒரு காரணம். நோட்டில் மட்டும் எழுதியிருந்தால் “மேற்கே கறுத்தது” என்பதோடு நான் நின்றிருப்பேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை எனக்கே எதற்காக விளக்குவேன்?

வரலாற்று வகுப்பில் படித்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எங்கள் வட ஆற்காட்டில் 1749இல் ஆம்பூர்ப் போர் நடந்ததும், 1751இல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையிடப்பட்டதும் அந்த ஆண்டுகளுக்குள்தான் வருகின்றன. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் பிறர் கண்ணில் பட்டது. கப்பல் வந்ததும் சரக்கு விலையும் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் அந்த எழுத்து, மறுநாளே ஊர் படிக்கும் என்ற நிலையில் எழுதப்பட்டிருந்தால் அப்படி இருந்திருக்குமா என்பது சந்தேகமே. அவருடைய பெரியம்மா வாசலில் வந்து நின்றிருப்பார்.

ஆக, என் தேர்வு நோட்டின் பக்கம் சாய்கிறது; ஆனால் முழுவதுமாக அல்ல. அன்றன்றைக்கு எழுதுவதை நோட்டில் மட்டும் எழுதுவது, பால்பாயின்ட் பேனாவில், ஒரு பக்கத்தில் மட்டும், எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு. மூன்று மாதம் கழித்து அதைப் படித்து, அப்போதும் எனக்கு ஏதாவது சொல்லும் குறிப்பை மட்டும் எதிர்ப்பக்கத்தில் விரித்து எழுதி, அதிலிருந்து மாதத்துக்கு ஒரு பதிவு ஏற்றுவது. வைகாசி மழையைப் பற்றிய பதிவு ஆவணியில் வரும். அப்போது எருக்குழி எருக்குழியாகவே இருக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் தாள் அருகில் இருக்கும்; கிணற்றுப் பங்கைப் பற்றிய வரியை விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவும் மூன்று மாதம் கிடைக்கும். கைப்பேசிக்கு ஒரே வேலைதான்: எழுதி முடித்த பக்கத்தைப் படமெடுத்து, பேக்கப்பில் போட்டுவைப்பது. கரையானுக்கு அது பதில். தம்பிக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. தெலுங்கு எழுத்தில் தமிழை எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் ஆயாவின் பக்கத்து உறவினர் அனைவருக்கும் தெலுங்கு தெரியும்.

யாராவது இதே முடிவை எடுக்கப்போகிறார் என்றால், என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன். விடுதியில் ஆறு பேரோடு அறையில் இருப்பவருக்கு நோட்டைவிடக் கடவுச்சொல் போட்ட கைப்பேசியே பாதுகாப்பு. ஊரைவிட்டு வெகுதூரம் படிக்கப் போனவர், அழைக்கப்பட்டவர் மட்டும் படிக்கும்படி வலைப்பதிவைப் பூட்டி வைத்து, நாலு நண்பர்களுக்கு அதைக் கடிதமாக்கலாம். எழுதத் தொடங்கி ஒரு வாரத்தில் விட்டுவிடும் பழக்கமுள்ளவருக்கு, யாரோ காத்திருக்கிறார் என்ற சிறு நிர்ப்பந்தம் தேவைப்படும்; அவர் நேராகப் பதிவிலேயே எழுதட்டும். எனக்கு அந்த நிர்ப்பந்தத்தைக் கிணற்றுக் கயிறு கொடுத்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த ஆண்டுக் கத்திரியின் இருபத்தைந்து நாள் கயிற்றுக் கணக்கும் மேற்சொன்ன மூன்றிலும் இல்லை. அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், மே மாதத் தாளின் கட்டங்களுக்குள், பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த தேதிக்கும் இடையே பென்சிலில் இருக்கிறது. கிணற்றடியிலிருந்து உள்ளே வந்ததும் கைக்கு எட்டியது அதுதான். நேற்று ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அந்தத் தாளைக் கிழித்து ஒட்டிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். மே 11ஆம் தேதிக் கட்டத்தைக் காட்டி, பசுவுக்குச் சினை ஊசி போட்டது அதில்தான் இருக்கிறது, பிப்ரவரியில் கன்று போடும் வரைக்கும் தாளைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றுகொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 17ஆம் தேதிக் கட்டத்தில் மட்டும் கிணறு எது, பால் எது என்று தெரியவில்லை.